ஐடி பிரிவை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் டொமைன் எங்கள் பெயரில் இல்லை. நிறுவனத்தின் இணையதளமும் அத்தனை பேருடைய மின்னஞ்சலும் அந்த ஒரு பெயரில்தான் ஓடுகின்றன. பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது, எங்கள் ஐடி வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்த நிறுவனத்தின் பெயர். கேட்டால், "எல்லா கிளையண்ட்டுக்கும் இப்படித்தான் சார் வச்சிருக்கோம், ரினியூ பண்ண ஈஸியா இருக்கும்" என்றார்கள். பாக்கித் தொகையைக் கட்டினால்தான் மாற்றித் தருவார்களாம். அந்தப் பாக்கியே தகராறில் இருக்கிற தொகை.

அவர்கள் பெயரை இங்கே போடப் போவதில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். அது ஒரு பக்கம் இருக்கட்டும், பெயரைச் சொன்னால் "அவங்க மோசம், நாம வேற ஆளைப் பார்ப்போம்" என்று நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். எங்களுக்கு நடந்ததில் பாதி, ஒழுங்கான நிறுவனத்திடமும் நடக்கக்கூடியது.

நான் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறவன், ஐடி ஆள் இல்லை. எங்களிடம் முன்பு இரண்டு பேர் ஐடி வேலை பார்த்தார்கள். ஒருவர் ஆரம்ப காலத்திலிருந்து இருந்தவர். அவர் லீவு போட்டால் மற்ற எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம் என்பதால்தான் வெளியே கொடுக்கலாம் என்ற பேச்சே வந்தது. அது நியாயமான கவலை. வெளியே கொடுத்தால் ஒரு குழுவே இருக்கும், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், ராத்திரியும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். இதெல்லாம் நடக்கிற காரியம்தான். 1989-இல் கோடாக் தன் கணினி மையங்களை ஐபிஎம்மிடம் ஒப்படைத்த காலத்திலிருந்து பெரிய நிறுவனங்கள் இதைச் செய்துகொண்டுதான் வருகின்றன. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2002-இல் ஐபிஎம்முடன் ஏழு ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2004-இல் அதை ரத்து செய்துவிட்டு, அனுப்பி வைத்த ஆட்களை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டது. அந்த அளவு வங்கிக்குத் திரும்பி வர வழி எப்போதும் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

எங்களிடம் காட்டிய கணக்கு ரொம்ப எளிமை. ஒரு பக்கம் இரண்டு சம்பளம், மறுபக்கம் மாதக் கட்டணம். கட்டணம் குறைவு. முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. அந்தத் தாளில் இல்லாத செலவுகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன: புது ஆள் சேர்ந்தால் கணக்குத் திறக்கத் தனிக் கட்டணம், பிரிண்டரை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்றினால் தனிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னொன்று. இவை எல்லாமே ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தன, அதனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் விற்க வந்தவர் அந்தப் பக்கத்தை ஒரு முறைகூடத் திறந்து காட்டவில்லை. விற்க வந்த கூட்டங்களில் உட்கார்ந்திருந்த சீனியர் இன்ஜினியரையும் கையெழுத்துக்கு அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை.

வந்தவர்கள் சின்னப் பையன்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஒவ்வொருவர் தலையிலும் எங்களைப் போல எத்தனையோ நிறுவனங்கள். ஒரு மாதக் கடைசியில் பில் அச்சாகவில்லை என்று கூப்பிட்டேன்.

"தம்பி, பில் எதுவும் பிரிண்ட் ஆகல, லாரி நிக்குது."

"சார், சர்வர் எங்க மானிட்டர்ல அப்லதான் சார் காட்டுது. அந்த சாஃப்ட்வேர் எங்க ஸ்கோப்ல வராது சார், அவங்ககிட்டயே கேளுங்க."

சாஃப்ட்வேர்காரர்களைக் கேட்டால் சர்வரில்தான் பிரச்சினை என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் போனும் கையுமாக அலைந்தேன். மாதக் கடைசியில் பில் குவியும்போது அச்சு வரிசை சிக்கிக்கொள்ளும், அந்த ஒரு சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட விட்டால் சரியாகிவிடும். எங்கள் பழைய ஐடி ஆளுக்கு அது தெரியும். யாரும் கேட்காமலே கடைசி வாரத்தில் செய்துவைத்துவிடுவார். பொறுப்பை ஒப்படைக்கும்போது அவரிடம் வாங்கியது ஒரு எக்செல் தாள்: ஐபி முகவரிகள், பாஸ்வேர்டுகள், சீரியல் நம்பர்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. வேலையைவிட்டு அனுப்பப்படுகிற மனிதர் தானாக உட்கார்ந்து எழுதித் தரவும் மாட்டார். புதியவர்கள் வந்து ஒரு மாதக் கடைசியும் ஒரு ஆண்டு முடிவும் கடக்கும்வரையாவது பழைய ஆளை வைத்திருக்க வேண்டும், அந்தச் சம்பளத்தையும் அவுட்சோர்ஸ் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது எஸ்எல்ஏ, அதாவது எந்த வேலையை எவ்வளவு நேரத்தில், எந்தத் தரத்தில் செய்வார்கள் என்ற உறுதிமொழி. "நான்கு மணி நேரத்தில் பதில்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. பதில் என்பது வேறு, சரிசெய்வது வேறு. டிக்கெட் போட்ட, அதாவது அவர்கள் தளத்தில் புகாரைப் பதிந்த நிமிடமே "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று தானாக ஒரு மெயில் வரும். அவர்கள் கணக்கில் அதுவே பதில். எத்தனை மணி நேரத்தில் சரியாகும் என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஒரு தடவை என் மெயில்பாக்ஸே திறக்கவில்லை என்று டிக்கெட் போட்டோம். "தங்களிடமிருந்து பதில் வராததால் டிக்கெட் மூடப்படுகிறது" என்று மெயில் அனுப்பி மூடியிருந்தார்கள். எந்த மெயில்பாக்ஸுக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

மாத அறிக்கையில் சர்வர் ஓடிய நேரம் 99.9 சதவீதம் என்று பச்சை நிறத்தில் போட்டிருக்கும். 30 நாள் மாதத்தில் 99.9 என்றால் சுமார் 43 நிமிடம் நிற்கலாம்; அதையே 99 என்று எழுதினால் ஏழு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாம். அதுவும் 'திட்டமிட்ட பராமரிப்பு' நேரத்தைக் கழித்துவிட்டு. இதைவிட முக்கியம், அவர்கள் எதை அளந்தார்கள் என்பது. பிங் அனுப்பினால் சர்வர் பதில் சொல்கிறதா என்பதைத்தான் அளந்தார்கள். லாரி நின்ற அன்றைக்கும் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த மாதமும் பச்சைதான்.

பேக்கப் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிஜமாகவே தொழிலை இழந்திருப்போம். தினமும் காலையில் எனக்கு ஒரு மெயில் வரும்: பேக்கப் வெற்றி, பச்சை டிக். கீழே ஓடிய நேரம், கோப்புகளின் எண்ணிக்கை, அளவு. ஒரு நாள் தவறுதலாக அழிந்துபோன ஒரு லெட்ஜருக்காக முந்தைய வாரத்து டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்து தரச் சொன்னோம். இதோ, அதோ என்று இழுத்தார்கள். கடைசியில் வந்தது பல மாதம் பழைய கோப்பு. நான் உட்கார்ந்து பழைய மெயில்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரு தேதிக்குப் பிறகு எல்லா நாளும் அதே அளவு. ஒரு பைட் கூடவில்லை, குறையவில்லை. தினமும் பில் போடுகிற நிறுவனத்தின் டேட்டாபேஸ் வளராமல் எப்படி இருக்கும்? இடம் போதவில்லை என்று அவர்களே டேட்டாபேஸைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் வேலை மட்டும் பழைய ஃபோல்டரையே நகலெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நகலெடுப்பதில் தப்பே இல்லை, அதனால் தினமும் 'வெற்றி'. பேக்கப் அறிக்கையை நம்பாதீர்கள். மாதம் ஒரு முறை, நீங்கள் சொல்கிற தேதியின் நீங்கள் சொல்கிற கோப்பை, உங்கள் கண் முன்னால் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைச் செய்ய ஐடி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகுதான் கடிதம் போனது. கடிதத்துக்கு அப்புறம் வந்தவைதான் பெரிய தலைவலி. டொமைனைச் சொல்லிவிட்டேன். எங்கள் மின்னஞ்சல் ஓடும் மைக்ரோசாஃப்ட் 365-இல், எல்லாவற்றையும் மாற்ற முடிகிற குளோபல் அட்மின் உரிமை அவர்கள் ஆட்களுக்கு மட்டும். எங்கள் முதலாளி அதில் ஒரு சாதாரணப் பயனர். எல்லா வழியும் அடைபட்டால் திறப்பதற்கென்று இரண்டு அவசர அட்மின் கணக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைக்கிறது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நெட்வொர்க்கைக் காக்கிற ஃபயர்வால் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, அதன் லைசென்ஸ் அவர்கள் கணக்கில். பேக்கப்புகள் எங்கள் அலமாரியில் இருந்த டிஸ்க்கில், அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவர்களிடம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். பத்திரத்தையும் அவர் பெயரிலேயே எழுதிவைப்போமா?

டொமைன் கடைசியில் கைக்கு வந்தது. பழைய ரினியூவல் ரசீதுகள், எங்கள் பதிவுச் சான்றிதழ், வழக்கறிஞர் நோட்டீஸ் எல்லாம் சேர்ந்து அவர்களை இறங்கிவரச் செய்தன. உரிமையாளர் பெயரை மாற்றியதும் வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தோம், முடியவில்லை. உரிமையாளர் மாறினால் பொதுவாக 60 நாள் பூட்டு விழும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பதிவில் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அதற்கான எச்சரிக்கை மெயிலும் உங்களுக்கு வராது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். புதிதாக வந்தவர் கணினிகளைச் சோதித்தபோது, பழையவர்களின் தொலைநிலை நிர்வாக ஏஜென்ட், அதாவது அவர்கள் இடத்திலிருந்தே எங்கள் கணினிகளை இயக்க உதவும் மென்பொருள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நினைத்தால் அப்போதும் எங்கள் சர்வருக்குள் வரலாம். அவர்கள் வராவிட்டாலும், அவர்களுக்குள் புகுந்த எவனும் வரலாம். 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருளில் நடந்தது இதுதான். ஐடி சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் உள்ளே வந்தது. நேரடியாகச் சிக்கிய கசேயா வாடிக்கையாளர்கள் 60-க்கும் குறைவு, அவர்கள் வழியாக மாட்டிய நிறுவனங்கள் 1,500 வரை என்று கசேயாவே சொன்னது. சுவீடனில் கோப் என்ற கடைச் சங்கிலி தன் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டியதாயிற்று. கோப் கசேயாவின் வாடிக்கையாளர்கூட இல்லை. அதன் பணம் வாங்கும் அமைப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் மூலம் வந்த வினை.

ஹெல்ப் டெஸ்க் கதையும் உண்டு. ஒரு முறை என் சக ஊழியர் ஒருவர் பெர்சனல் நம்பரிலிருந்து கூப்பிட்டு பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்றார். பெயரைக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023-இல் சைபர் தாக்குதலுக்கு உள்ளான அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம், தன் ஹெல்ப் டெஸ்க்கைக் கவனித்துக்கொண்ட காக்னிசன்ட் என்ற ஐடி நிறுவனத்தின் மீது 2025-இல் போட்ட வழக்கும் இதைப் பற்றித்தான்: போனில் பேசியவர் யார் என்று சரிபார்க்காமலே பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. காக்னிசன்ட் அதை ஏற்கவில்லை. தங்களை எடுத்தது ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு மட்டும், பாதுகாப்பு தங்கள் பொறுப்பில் இல்லை என்றது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. ஸ்கோப்பில் இல்லை என்ற அந்தப் பேச்சு மட்டும் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

அப்படியென்றால் வெளியே கொடுக்கவே கூடாதா என்று கேட்டால், நாங்களே இப்போதும் பாதியைக் கொடுத்துத்தான் இருக்கிறோம். லேப்டாப் தயார் செய்வது, அப்டேட், வைரஸ் பாதுகாப்பு, ராத்திரி கண்காணிப்பு: எந்த நிறுவனத்திலும் ஒரே மாதிரி இருக்கிற வேலைகள் இவை. வெளியாட்கள் நம்மைவிட நன்றாகவே செய்வார்கள். பில்லிங் சாஃப்ட்வேர், டேட்டாபேஸ், யாருக்கு எந்த அனுமதி என்பதெல்லாம் உள்ளேயே ஒருவர் கையில். அந்த ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டாம். வெண்டர் சொல்வது சரிதானா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். டொமைன், கிளவுட், லைசென்ஸ் எல்லாம் நிறுவனத்தின் பெயரில், வெண்டருக்குக் கொடுப்பது தனித்தனிக் கணக்கும் தேவையான அனுமதியும் மட்டும். பிரியும்போது எத்தனை நாளில் எதையெல்லாம் ஒப்படைப்பார்கள், அதற்குக் கட்டணம் உண்டா, பாக்கியில் தகராறு இருந்தாலும் ஒப்படைப்பார்களா என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிட்டோம். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதும் ஒருவர் விலகிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று.

தேர்ந்தெடுக்கிற நேரத்தில் இப்போதைய வாடிக்கையாளர்களின் நம்பரை எல்லா வெண்டரும் கொடுப்பார்கள். அவர்களை விட்டுப் போன ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். கிடைத்தால் கூப்பிட்டு இரண்டே விஷயம் விசாரியுங்கள்: பாஸ்வேர்டெல்லாம் கைக்கு வர எவ்வளவு நாள் ஆனது, கடைசி பில்லில் புதிதாக என்னென்ன வரிகள் இருந்தன.