லிகூரியா: எழுகரையா, விழுகரையா?

இத்தாலியின் வடமேற்கில், மலைக்கும் கடலுக்கும் இடையில் நசுங்கிய வில்போல வளைந்து கிடக்கிறது லிகூரியா மண்டலம். சமவெளி என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. நடுவில் தலைநகர் ஜெனோவா. அதற்குக் கிழக்கே லெவாந்தே, ஞாயிறு எழும் கரை. மேற்கே பொனெந்தே, விழும் கரை. நம் குணக்கு, குடக்கு போலத்தான்.

புகழ் முழுவதும் லெவாந்தேவுக்கே. போர்ட்டோஃபினோவும் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களும் அங்கேதான் இருக்கின்றன. ஐந்தூர்ப் பகுதி 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது; 1999இல் தேசியப் பூங்காவானது. படம் எடுப்பவர்கள் வண்ண வீடுகளோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை அவற்றுக்கு மேலே உள்ள சுவர்கள். சாந்தே இல்லாமல், கல்மேல் கல்லாக அடுக்கி மலைச்சரிவைப் படியாக்கியிருக்கிறார்கள். அந்தப் படிகளில்தான் திராட்சை. அதை உலர்த்தித்தான் ஷாக்கெத்ரா என்னும் இனிப்பு ஒயின். தோட்டத்தை விட்டு ஆள் போனால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மண் இறங்கும். 2011 அக்டோபர் 25 பெருமழையில் வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின. மறு ஆண்டு பாறை விழுந்து மூடிய, ஐந்தூர்களில் இரண்டை இணைக்கும் கடலோர நடைபாதையான ‘காதல் பாதை’ முழுவதுமாகத் திறக்க 2024 ஆனது.

பொனெந்தேவில் மலை கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. ஆல்பெங்காவில் சிறு சமவெளியே உண்டு; ஊதா நிறத் தண்ணீர்விட்டான் தண்டுக்கு (அஸ்பாரகஸ்)ப் பெயர்போன ஊர். சான்ரெமோவின் சரிவுகளில் மலர்ச் சாகுபடி. 1951 முதல் அங்கே பாட்டுத் திருவிழாவும் நடக்கிறது. அழகில் தோற்கும் கரைதான்: கண்ணாடிக் கூடாரங்களும் அடுக்குமாடிகளும் உறுத்தும். ஆனால் 2001இல் ரயில் பாதையை உள்ளே சுரங்கத்துக்கு மாற்றியபின், கடலோரப் பழைய தடத்தைச் சைக்கிள் பாதையாக்கினார்கள். அந்த ஒன்றே பல குறைகளை மன்னிக்க வைக்கிறது.

நிர்வாகத்தில் இரு கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேற்கே இம்பீரியா, சவோனா மாகாணங்கள். கிழக்குக் கோடியில் லா ஸ்பெட்சியா. நடுவே 2015 முதல் மாநகரப் பகுதியான ஜெனோவா. இம்பீரியாவே 1923இல் ஒனேலியாவையும் போர்ட்டோ மௌரிட்சியோவையும் ஒட்டவைத்து உண்டாக்கிய ஊர். மருத்துவமனை போன்ற முக்கிய விஷயங்கள் ஜெனோவாவில் இருக்கும் மண்டல அரசின் கையில்.

ஒரு நாள் மட்டும் இருப்பவர் லெவாந்தே போகட்டும். ஒரு வாரம் தங்குபவருக்கு என் வாக்கு பொனெந்தேவுக்கு. பாலாடைக்கட்டி வைத்த தட்டை ரொட்டியான ரெக்கோ ஊர் ஃபொக்காச்சா மட்டும் கிழக்கில்தான். அதற்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.