நல்ல செய்தியைக் காட்டியே பயமுறுத்தி மருந்து விற்றார்கள்

பதினான்கு, பதினைந்து வயதில் பையன் இருந்து, "இவன் மட்டும் ஏன் இன்னும் வளரவே இல்லை" என்ற கவலை உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் இதை முழுவதும் படித்துவிடுங்கள். நாங்கள் ஏமாந்தது பணம் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஐந்து மாதம் என் மகனின் உடம்புக்குள் என்ன போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்போது அவனுக்கு 14 வயது 3 மாதம். உயரம் 144 செ.மீ. கூடப் படிக்கும் பையன்களுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்து, தோள் விரிந்துவிட்டது. இவன் போனை எடுத்தால் "அப்பா இருக்காராம்மா?" என்று பெண் பிள்ளையிடம் பேசுவதுபோல் கேட்பார்கள். கொஞ்ச நாளில் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். விளையாடி முடித்ததும் மற்றவர்கள் எதிரில் சட்டை மாற்ற மாட்டான், வியர்வையோடு வீட்டுக்கு வருவான். ஒரு நாள் ராத்திரி என் மனைவியிடம், "எனக்கு ஏதாவது வியாதியாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவள் அதைச் சொன்னபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்தப் பதற்றத்தில்தான் உயர வளர்ச்சிக்கென்று விளம்பரம் செய்யும் ஒரு சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவர் என்ன படித்தவர் என்று நான் கேட்கவில்லை. அவரும் எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையனைத் தொட்டுப் பார்க்கவில்லை, செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் உயரத்தை அளந்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "பையனுக்கு வயசு பதினாலு. எலும்புக்கு வயசு பதினொன்றரைதான். கிட்டத்தட்ட மூணு வருஷம் பின்தங்கிடுச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டீங்கன்னா எலும்பு மூடிக்கும். அப்புறம் யார்கிட்ட போனாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

என் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, என் இரண்டு மாதச் சம்பளத்தை அன்றைக்கே கட்டினேன்.

கொடுத்தது ஒரு டப்பா பவுடரும், அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்ட மாத்திரைகளும். உறையில் "காலை 1, இரவு 1" என்பதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. டப்பாவில் குதிக்கும் பையன் படம் இருந்தது, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. மருந்தின் பெயர் கேட்டதற்கு, "எங்க சொந்தத் தயாரிப்பு, வெளியில் கிடைக்காது" என்றார்கள். அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மாதத்தில் முகமெல்லாம் பரு. அடிவயிற்றுக்குக் கீழே முடி வந்தது. குரல் லேசாகக் கரகரத்தது, உயரமும் 2 செ.மீ. கூடியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பார்க்க வளர்ச்சி போலத்தான் இருந்தது. ஆனால் முன்பு எதற்கும் கோபப்படாத பையன் சின்ன விஷயத்துக்கெல்லாம் கதவை அடித்துச் சாத்த ஆரம்பித்தான். ஐந்தாம் மாதம் "அடுத்த கட்டம், ஊசி" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். அங்கேதான் என் மனைவி நின்றுகொண்டாள். "இவ்வளவு நாள் பார்த்ததில் ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை செஞ்சாங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போனோம். முதல் பாதி நேரம் கேள்விகளிலேயே போனது. தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, அடிக்கடி வயிற்றுப்போக்கு ஆகிறதா, எடை குறைந்ததா, வாசனை சரியாகத் தெரிகிறதா? கடைசிக் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. மூளையிலிருந்து பருவத்தைத் தொடங்கிவைக்கும் கட்டளையே வராத கால்மன் என்ற ஒரு குறைபாட்டில் வாசனை தெரியாமல் இருப்பது முக்கியமான தடயம் என்று விளக்கினார். தைராய்டு குறைவு, சிறுநீரக நோய், குடல் நோய், ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை என்று அவர் ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க முதல்முதலா எப்ப ஷேவ் செஞ்சீங்க?" என்றார்.

காலேஜ் இரண்டாம் வருடம். பள்ளிக்கூடம் முடியும் வரை வகுப்பில் நான்தான் குட்டை, அதற்கப்புறம்தான் வளர்ந்தேன். இதை என் மகனிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, "இந்த ஒரு பதில் போதும், பாதி விஷயம் தெரிஞ்சிடுச்சு" என்றார். ஆண் பிள்ளைகள் தாமதமாகப் பருவமடைவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பரம்பரையாக உடம்பின் கடிகாரமே மெதுவாக ஓடுவதுதானாம். பெற்றோரில் ஒருவருக்காவது அப்படி இருந்திருப்பது வழக்கம் என்றார்.

பழைய எக்ஸ்ரேயைப் பார்த்தார். அப்போது அவர் சொன்னதைத்தான் இந்தப் பதிவில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எலும்பு வயது பதினொன்றரை என்றால், எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் பதினொன்றரை வயதுப் பையனுடையதுபோல் அகலத் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். வளர இன்னும் நிறைய வருடம் பாக்கி இருக்கிறது. ஆறு மாதத்தில் அவை மூட வழியே இல்லை. எங்களைக் குலைநடுங்க வைத்த அந்தப் படம், உண்மையில் நாங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய படம்.

அடுத்து மகனிடம் தனியாகப் பேசி, அவன் சம்மதம் கேட்டு, திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். ஆண் பிள்ளைகளுக்குப் பருவத்தின் முதல் அடையாளம் மீசையோ குரலோ கிடையாது, விரைகள் பெரிதாவது. அதை அளக்க, ஒரு கயிற்றில் முட்டை வடிவ மணிகளை 1 முதல் 25 மி.லி. வரை கோத்து வைத்திருக்கிறார்கள். 1966-இல் பிராடர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கொண்டுவந்தது. 14 வயது முடிந்தும் அளவு 4 மி.லி.யைத் தொடவில்லை என்றால்தான் தாமதம் என்று கணக்கு. என் மகனுக்கு 3.

முடி வந்திருக்கிறது, பரு வந்திருக்கிறது, குரலும் கரகரக்கிறது. விரை மட்டும் வளரவில்லை. "அப்படின்னா ஹார்மோன் இவன் உடம்புலேர்ந்து வரல. வெளியிலிருந்து போயிருக்கு" என்றார். விரைகளை வேலை செய்யத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனின் அளவும் ரத்தத்தில் அமுங்கிக் கிடந்தது. புது எக்ஸ்ரேயில் எலும்பு வயது பன்னிரண்டரை. ஐந்தே மாதத்தில் ஒரு வருடத்தைத் தின்றிருந்தது. அந்த மாத்திரையில் ஆண் ஹார்மோன் வகை ஏதோ இருந்திருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். பெயரே இல்லாத மாத்திரையை வைத்து அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அது ஏன் ஆபத்து என்றும் கேட்டேன். ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஆண்களுக்கும் வளர்ச்சித் தட்டை மூடுவது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். அது வேலை செய்யாத உடம்போடு பிறந்த ஒருவர் 28 வயதிலும் தட்டு மூடாமல் 204 செ.மீ. உயரத்தில் இருந்ததை 1994-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அளவு தெரியாமல் ஹார்மோன் கொடுத்தால் முதலில் சடசடவென்று உயரும், அப்புறம் தட்டு சீக்கிரம் மூடி, கடைசி உயரத்தில் இழப்பு வரும்.

இதைப் படித்து ஹார்மோன் சிகிச்சையே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். மனதளவில் ரொம்பக் கஷ்டப்படும் பையன்களுக்கு, பரிசோதனையெல்லாம் முடித்து, குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோனை மூன்று முதல் ஆறு மாதம் கண்காணித்துக் கொடுப்பது முறையான வைத்தியம்தான். அதே மாதிரி, "தானா வந்துடும்" என்று வருடக்கணக்கில் சும்மா இருப்பதும் தப்பு. 14 தாண்டி அறிகுறி எதுவும் இல்லையென்றாலோ, வருடத்துக்கு 4 செ.மீ. கூட வளரவில்லை என்றாலோ காட்டிவிடுங்கள். தலைவலியோ பார்வைக் குறைவோ சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த மையத்தின் மேல் புகார் கொடுத்தேன். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருந்ததால், மருந்தை அவர்கள்தான் கொடுத்தார்கள் என்று நிரூபிக்கத் திணறுகிறேன். எங்கே மருந்து வாங்கினாலும் பெயரோடு சீட்டும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுச் சீட்டு கொடுக்காத இடத்தில் ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள். எக்ஸ்ரே படத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். நான் கையோடு எடுத்து வந்ததால்தான் ஒப்பிட்டுப் பார்க்கவே முடிந்தது.

மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. போன முறை பார்த்தபோது அவனுக்கு விரை அளவு 6 மி.லி. இந்த வளர்ச்சி மாத்திரையால் வந்ததில்லை, அவன் உடம்பே தொடங்கியது. எத்தனை செ.மீ. போயிருக்கும் என்று கேட்டதற்கு, வளர்ந்து முடித்த பிறகுதான் தெரியும் என்றார் மருத்துவர். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் பழைய பள்ளிக்கூடக் கதைகளை அவனிடம் சொன்னேன். கடைசியில் நிற்கும் குட்டைப் பையன் நான்தான் என்று வகுப்புப் போட்டோவையும் தேடி எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேப்பா" என்றான்.