"ஆயில் குடிக்கிறது நார்மல்தான்" என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்

உங்கள் கார் ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவே இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா? வாரண்டி இன்னும் மிச்சமிருக்கிறதா? அப்படியானால் இந்த வாரமே சர்வீஸ் சென்டருக்குப் போய், அந்தப் புகாரை ஜாப் கார்டில், அதாவது காரை விடும்போது அவர்கள் புகார்களைக் குறித்துக்கொள்ளும் தாளில், எழுத வையுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. வாரண்டி முடிந்தவர்களும் படியுங்கள். இன்ஜின் போன பிறகு நம் முன் நீட்டப்படும் காகிதங்களில் எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாக வாங்கிய கார் அது. எல்லா சர்வீசும் கம்பெனி அங்கீகரித்த சென்டரில்தான், சொன்ன தேதிக்குள்தான். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தபோதே ஆயில் ஸ்டிக்கில் (இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு இறங்குவதைப் பார்த்துச் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "இந்த மாடல் கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் நார்மல்தான், புக்லயே போட்டிருக்கு" என்றார். குறைந்ததை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறையும் அதே பதில், அதே வேலை.

வாரண்டி முடிந்து சில வருடங்கள் கழித்து, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜினுக்குள்ளிருந்து டக் டக்கென்று பலத்த சத்தம், அப்புறம் அசையவே இல்லை. இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய அதே சர்வீஸ் சென்டரில் கிடைத்த தீர்ப்பு: கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இறுகிப் பிடித்துக்கொண்டது, முழு இன்ஜினையும் மாற்ற வேண்டும், வாரண்டி கிடையாது. ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். "ஆயில் கம்மியா வச்சு ஓட்டியிருக்கீங்க சார்."

வாரண்டிக்குள்ளேயே இதைச் சொன்னேனே என்றதும் கணினியில் ஏதோ தேடினார்கள். அப்படி ஒரு புகாரே பதிவாகவில்லையாம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாரண்டிக் காலத்தில் வந்த குறையை "நார்மல்" என்று பெயர் சூட்டி எழுதாமல் விட்டுவிடுவது. வாரண்டி முடிந்த பிறகு அதே குறையால் இன்ஜின் செத்தால் "உங்கள் பராமரிப்பு சரியில்லை" என்று திருப்பிப் போடுவது. இரண்டு பதிலையும் தந்தது ஒரே கவுண்டர். எனக்கு உதவியது அவர்களுடைய பில்கள்தான். புகார் பதிவாகவில்லையே தவிர, ஊற்றிய ஆயிலுக்குக் காசு வாங்காமல் விடுவார்களா? ஒவ்வொரு பில்லிலும் "ஆயில் டாப்-அப்" என்று ஒரு வரி, தேதியோடும் கிலோமீட்டரோடும் இருந்தது. பழைய பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்த "ஆயிரத்துக்கு ஒரு லிட்டர்" கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினில் நாலு, நாலரை லிட்டர் ஆயில் பிடிக்கும். ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருப்பது சுமார் ஒரு லிட்டர். சர்வீஸ் இடைவெளி 10,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அவர்களுடைய "நார்மல்" வேகத்தில் அந்த இடைவெளிக்குள் 10 லிட்டர் எரிந்துபோகும். பாதி வழிக்கு முன்பே இன்ஜின் வறண்டுவிடும். அப்படியானால் அந்த சர்வீஸ் இடைவெளியைக் குறித்தது யார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

ஆயில் எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பேச்சில் ஏமாற மாட்டோம். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் ஒவ்வொரு பிஸ்டனிலும் பொதுவாக மூன்று ரிங் இருக்கும். மேல் இரண்டும் அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை. கீழே இருப்பது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்து, பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே திருப்பி அனுப்புவது அதன் வேலை. உராய்வைக் குறைத்தால் மைலேஜ் கூடும் என்பதற்காகப் பல கம்பெனிகள் இந்த ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்தன. துளைகள் சிறியதாகவோ எண்ணிக்கையில் குறைவாகவோ இருந்து, ஆயில் மாற்றும் இடைவெளியையும் நீட்டினால், கரி படிந்து துளை அடைத்துக்கொள்ளும். ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வழிக்க வேண்டிய ஆயில் மேலே ஏறி எரியும். ஒரு சொட்டுக்கூடத் தரையில் ஒழுகாது, ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

அளவு குறையக் குறைய, வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் அறுந்துபோகும். உலோகத்தோடு உலோகம் உரசும். அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலான கார்களில் அது ஆயில் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது சேதம் பெரும்பாலும் ஆரம்பமாகிவிட்டிருக்கும். அளவை ஸ்டிக்கில் பார்த்தால்தான் உண்டு. சில புதிய கார்களில் ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். அது யாருக்கு வசதி என்று எனக்குப் புரியவில்லை.

என் இன்ஜினை வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத்தான் பிரித்தேன். இன்ஜின் வேலை மட்டுமே செய்பவர். பிஸ்டனைக் கையில் எடுத்ததும் திருப்பிக் காட்டினார்: துளைகள் முழுக்க அடைப்பு, நான்கிலும் ஆயில் ரிங் அசையவில்லை. சிலிண்டர் சுவரில் பெரிய தேய்மானம் எதுவும் இல்லை. "நீங்க ஆயில் மாத்தாம விட்டிருந்தா மேல ஹெட்டுக்குள்ள எல்லாம் கருப்பா பிசின் மாதிரி கட்டியிருக்கும். இங்க சுத்தமா இருக்கு பாருங்க. இது ரிங் பிரச்சினை" என்றார். படம் எடுத்தோம், ஒவ்வொரு பாகத்துக்கும் தேதி போட்டு அட்டை கட்டினோம். தனியார் ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை வரவழைத்து அறிக்கையும் வாங்கினேன்.

இப்போது, கையெழுத்துப் போடக் கூடாது என்று சொன்ன காகிதம். சர்வீஸ் சென்டரில் முதலில் நீட்டியது, மாற்று இன்ஜினுக்கான ஒப்புதல். அதில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: பழைய இன்ஜினைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். பல கம்பெனிகளில் இது வழக்கம்தான், பழையதைப் புதுப்பித்து மறுபடி விற்பார்கள். ஆனால் நம் வழக்கின் ஒரே சாட்சி அந்தப் பழைய இன்ஜின். அது போய்விட்டால் "டிசைன் குறையா, பராமரிப்புக் குறையா" என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. நான் மறுத்தேன். உடனே நிறுத்தக் கட்டணம் போடுவோம் என்றார்கள். அன்றைக்கே காரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது காகிதம் பிற்பாடு வந்தது. தலைமை அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு கடிதம் எழுதிய பிறகு, "நல்லெண்ண அடிப்படையில்" உதிரிபாக விலையில் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்பதாகப் பதில் வந்தது. பதிலுக்கு நான் எழுதித் தர வேண்டியது: இது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன், விவரத்தை வெளியே சொல்லவும் மாட்டேன். கூலி முழுக்க என் தலையில். வேலையும் அவர்கள் சென்டரிலேயே. பழைய இன்ஜினும் அவர்களுக்கு. நல்லெண்ணம் இவ்வளவு நிபந்தனையோடு வருமா? ஒன்று மட்டும் தெரிந்தது: முதல் நாள் கவுண்டரில் "ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றது கடைசிப் பதில் இல்லை. கேட்காமல் போகிறவர்களுக்கு மட்டும்தான் அது கடைசிப் பதில்.

வாரண்டி முடிந்த இன்ஜினுக்குக் கம்பெனி பொறுப்பேற்றதே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டொயோட்டாவின் 1997 முதல் 2002 வரையிலான சில மாடல்களில் இன்ஜினுக்குள் ஆயில் சேறாகக் கட்டியது. ஆரம்பத்தில் உரிமையாளர்கள் ஆயில் மாற்றாததுதான் காரணம் என்றார்கள். கடைசியில் கிலோமீட்டர் வரம்பே இல்லாமல் 8 ஆண்டுகள் பொறுப்பேற்றார்கள். அதே நிறுவனத்தின் 2.4 லிட்டர் இன்ஜின் ஒன்று ஆயில் குடித்தபோது, அமெரிக்காவில் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரை வாரண்டியை நீட்டினார்கள். அதற்கு வைத்த அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது: 1,200 மைலில் ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டரை விடச் சற்றுக் குறைவு) மேல் குடித்தால் குறை உண்டு. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். அதாவது எனக்கு "நார்மல்" என்று சொன்னதில் பாதி குடித்தாலே அங்கே பழுது! சுபாருவும் இதே ஆயில் புகாரில் 2016-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு, 1,00,000 மைலாக்கியது.

ஹூண்டாய், கியா கதை இன்னும் பெரியது. அவர்களுடைய தீட்டா 2 வகை இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் கடைசலின்போது தங்கிய உலோகத் துகள்கள் பேரிங்குக்குப் போகும் ஆயில் வழியை அடைத்தன. 2015-ல் அமெரிக்காவில் முதல் ரீகால் (குறையுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), 2017-ல் அதன் விரிவாக்கம். தாமதமாகவும் குறைவாகவும் திரும்ப அழைத்ததற்காக 2020-ல் இரண்டு நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து 21 கோடி டாலர் அளவுக்கு அபராதத் தீர்வு. விவரத்தை வெளியே கொண்டுவந்த ஹூண்டாய் பொறியாளர் கிம் குவாங்-ஹோவுக்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. ஐரோப்பாவில் ஸ்டெல்லாண்டிஸ், ஆயிலுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜினுக்கு 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை பொறுப்பை நீட்டியது. இவற்றில் எதுவும் தானாக வந்ததில்லை. ஒரே மாதிரி புகார்கள் எழுத்தில் குவிந்த பிறகு வந்தவை.

அதனால் உங்கள் இன்ஜின் வகையின் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கு ரீகால் உண்டா, வாரண்டி நீட்டிப்பு உண்டா, கம்பெனி தன் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கை உண்டா என்று தேடுங்கள். அமெரிக்காவில் இந்தச் சுற்றறிக்கைகள் பாதுகாப்பு அமைப்பின் தளத்திலேயே பொதுவில் கிடைக்கும். என் இன்ஜினுக்கு ஒன்று கிடைத்தது: ஆயில் அதிகம் குடிப்பதாகப் புகார் வந்தால் ரிங்கைச் சோதித்து, மாற்றி வடிவமைத்த பிஸ்டனைப் போட வேண்டும் என்று. மாற்றி வடிவமைத்தது! பழைய வடிவம் சரியாக இருந்தால் எதற்கு மாற்ற வேண்டும்? என் புகாரின் மையமே இப்போது அந்த ஒரு வரிதான்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவில் பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்ற உத்தரவாதம் கம்பெனி வாரண்டியோடு முடிவதில்லை. பிரிட்டனில் காரை விற்றவர் மீதுதான் வழக்குப் போட வேண்டும், பெரும்பாலான பகுதிகளில் 6 ஆண்டு வரை. பிரான்சில் மறைந்திருந்த குறை தெரியவந்ததிலிருந்து 2 ஆண்டு. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் டிசைன் குறைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எங்கே இருந்தாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். "மேலிடத்துல பேசிட்டிருக்கோம் சார்" என்று இழுத்தடிப்பதற்குக் காத்திருக்க வேண்டாம்.

வாரண்டி உள்ளவர்கள் ஆயில் நுகர்வுச் சோதனை கேளுங்கள். ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கும் ஊற்றும் மூடிக்கும் சீல் வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓடிய பின் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். அதன் முடிவு, நல்லதோ கெட்டதோ, காகிதத்தில் வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றால், சோதனை கேட்டதாகவும் அவர்கள் தள்ளிப்போட்டதாகவும் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஜாப் கார்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்க வேண்டும்.

சமரசக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இன்ஜினை வெளியே கட்டி, கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய பிஸ்டன்களும் பேரிங்குகளும் அட்டைப்பெட்டியில் என்னிடமே இருக்கின்றன. புகார் விசாரணையில் இருக்கிறது. தங்கள் நிபுணர் அந்தப் பாகங்களைத் தங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. தாராளமாகப் பார்க்கட்டும், ஆனால் என் தரப்புப் பொறியாளர் முன்னிலையில், பாகங்கள் இருக்கும் இடத்திலேயே என்று பதில் எழுதிவிட்டேன்.