புதிய பிக்கப்பில் 71,000 கிலோமீட்டர்: டிபிஎஃப் விளக்கும் ஷாஃப்ட் அதிர்வும்

2022 ஆகஸ்டில் நான் வாங்கிய டீசல் பிக்கப் இந்த மாதத்தோடு 71,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து முருங்கை, தக்காளி, கத்தரி ஆகியவற்றை ஏற்றி வந்து மார்க்கெட்டில் இறக்குவதுதான் அதன் அன்றாட வேலை. வாரத்தில் ஒரு நாள் பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வரை லோடு போகும். ஓட்டுவதும் நான், தவணை கட்டுவதும் நான். நிறுவனத்தின் பெயரையும் டீலரின் பெயரையும் எழுதவில்லை. கீழே சொல்லியிருக்கும் கோளாறுகள் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த எந்த நிறுவனத்தின் டீசல் பிக்கப்பிலும் வரக்கூடியவை என்பதால், வண்டி எது என்பதைவிடக் கோளாறு எப்படிப் பிடிபட்டது என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் விளக்கு 4,300 கிலோமீட்டரில் எரிந்தது. அக்டோபர் மாதம், விடியற்காலை நாலரை மணி இருக்கும். தக்காளிப் பெட்டிகளோடு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கு வந்தது; அடுத்த சில நொடிகளில் வண்டியின் இழுவை பாதியாகக் குறைந்தது. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியும் வண்டி வேகமெடுக்க மறுத்ததால் இரண்டாம் கியரிலேயே மார்க்கெட் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஏலத்துக்கு நேரம் தவறிப் போனால் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைத் தோட்டக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, டிபிஎஃப் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகளுக்குப் பிறகு, டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் இந்த வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அதுவே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீச்சி அந்த வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்த வெப்பம் நிலைப்பதில்லை. பாதியில் வண்டியை அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். ஆகவே, "ஹைவேல இருபது நிமிஷம் ஓட்டுங்கண்ணே, சரியாயிடும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னது நியாயமான பேச்சாகவே அன்று எனக்குப் பட்டது. லேப்டாப் மூலம் ஒரு ரீஜென் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பதினேழு நாளில் விளக்கு மீண்டும் வந்தது. அதன் பிறகு பதினோரு நாளில், அதன் பிறகு எட்டு நாளில். ஒவ்வொரு முறையும் ஒரே வைத்தியம், ஒரே அறிவுரை. மூன்றாம் முறை போனபோது, ஓட்டுகிற விதம் சரியில்லை என்றும் டீசலில் கலப்படம் இருக்கும் என்றும் சொன்னார்கள். நான் டீசல் போடும் பெட்ரோல் பங்க்கை மாற்றினேன், பில்களைச் சேர்த்து வைத்தேன். எனக்குள் உறுத்திய கேள்வி வேறு. நான்காம் முறை விளக்கு எரிந்தது, பொள்ளாச்சி வரை ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பிய மறுநாள் காலை. அவர்கள் சொன்ன இருபது நிமிடத்துக்குப் பதிலாக நான்கு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியில் எப்படிக் கரி சேரும்?

அந்த வாரத்தில்தான் ஆயில் அளவையும் கவனித்தேன். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறி நின்றது. விரலில் தேய்த்தபோது பிசுபிசுப்பே இல்லை; முகர்ந்தால் டீசல் வாடை. எஞ்சின் ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஏறுவதும் ஆபத்தின் அறிகுறியே. ரீஜென்னுக்காகப் பீச்சப்படும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கிறது. எப்போதோ ஒருமுறை என்றால் தாங்கும். தினமும் நடந்தால் ஆயில் நீர்த்துப் போய், பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் கிடைக்கவேண்டிய பாதுகாப்பு போய்விடும். பிஎஸ் 6 பிக்கப் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை, சமதளத்தில், எஞ்சின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் அது இதுவாக இருக்கட்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டுகிற புளூடூத் ஸ்கேனர் ஒன்றை ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கினேன். போனில் பார்த்தபோது பதிவாகியிருந்த பிழைக் குறியீடு, அதாவது கோடு, பி2463. வடிகட்டியில் கரி அதிகம் என்பது அதன் பொருள். ஆனால் கரி எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை இரண்டு சிறு குழாய்கள் வழியாக ஒரு சென்சார் ஒப்பிடுகிறது. அந்த வித்தியாசத்தை முக்கியமாக வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கரியின் அளவைக் கணக்கிடுகிறது. எங்கள் ஊரில் டிராக்டர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "மொதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியை மட்டும் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். எஞ்சின் ஓடாதபோது இருபுறமும் அழுத்தம் ஒன்றுதான். திரையில் சைபர் வர வேண்டும். 2.6 கிலோ பாஸ்கல் என்று வந்தது. "தராசுத் தட்டுல ஒண்ணுமே வைக்காம முள்ளு நகர்ந்து நின்னா, அப்புறம் போடற எடையெல்லாம் தப்புத்தானே" என்றார் அவர். மார்க்கெட்டிலேயே காலம் தள்ளுகிற எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதாவது வடிகட்டி சுத்தமாக இருந்தபோதும், அடைத்திருக்கிறது என்று சென்சார் பொய் சொல்லியிருக்கிறது. எழுபது எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி தேவையில்லாமல் ரீஜென் செய்துகொண்டே இருந்ததும், ஆயிலில் டீசல் கலந்ததும், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்திருந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான். சென்சார் பழுது என்று கம்ப்யூட்டரே கண்டுகொள்ளும் அளவுக்கு அந்தப் பிழை பெரிதாக இல்லாததால், அதற்கான கோடு பதிவாகவில்லை.

வெளி ஸ்கேனரின் அளவை ஏற்கமாட்டோம் என்று டீலர் தரப்பில் சொல்லிவிட்டார்கள். சரி, உங்கள் லேப்டாப்பிலேயே சாவியை மட்டும் போட்டு அந்த எண்ணைப் படியுங்கள் என்று கேட்டேன். அதே எண் அங்கும் வந்தது. அன்று ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று முதல்முறையாக எட்டிப் பார்த்தேன். முந்தைய நான்கு வருகைகளுக்கும் "ஜெனரல் செக்கப்" என்றே எழுதியிருந்தார்கள். ஒரே கோளாறுக்காக நான் ஐந்தாம் முறை வந்து நிற்கிறேன் என்பதற்கு அவர்களுடைய பதிவேட்டில் தடயமே இல்லை. விளக்கு எரிந்த தேதிகள், கிலோமீட்டர், கோடு எண், சாவி போட்ட நிலையில் வந்த அளவு ஆகியவற்றை என் வாசகமாகவே எழுதச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஜாப் கார்டைப் படம் எடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து நிறுவனத்தின் டெக்னிகல் இன்ஜினியர் ஒருவர் வந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, பத்து நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். சென்சார் மேலேயும் குழாய்கள் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் புகையிலுள்ள ஈரம் தண்ணீராக மாறினாலும் வடிந்துவிடும். என் வண்டியில் குழாயைத் தாங்கும் கிளிப் ஒன்று மாட்டப்படவே இல்லை. குழாய் தூளி போலத் தொய்ந்து, அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கி, சென்சாருக்குள்ளும் போயிருந்தது. அவர் குழாயைக் கழற்றிச் சாய்த்தபோது கால் டீஸ்பூன் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் என் கண்ணெதிரே சொட்டியது. நான்கு மாத அலைச்சலும் பதினொரு நாள் வருமானமும் அந்தச் சொட்டுகளில் போயிருந்தன. 2023 பிப்ரவரியில் சென்சாரும் குழாய்களும் வாரண்டியில் மாற்றப்பட்டன. ஆயிலையும் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை. ரீஜென் இப்போது நானூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கிறது.

அந்த நான்கு மாதத்தில், டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை (மேப்) மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் பலர். நொந்து போயிருக்கிறவனுக்கு அது சுலபமான வழியாகத்தான் தெரியும். செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சட்டப்படி தவறு, வாரண்டியும் போய்விடும். அதைவிட, நாள் முழுவதும் நம் வண்டியின் சைலன்சருக்குப் பக்கத்தில் நின்று மூட்டை இறக்குகிற மனிதர்கள் அந்தக் கரியைத்தான் மூச்சாக இழுப்பார்கள்.

இரண்டாவது பிரச்சினை டீலரே உண்டாக்கியது. 31,000 கிலோமீட்டரில் கிளட்ச் உதறத் தொடங்கியதால் பிளேட்டை மாற்றினார்கள். தேய்மானப் பொருள் என்று காசும் வாங்கினார்கள். அதை நான் தவறாகச் சொல்லவில்லை. வண்டியை எடுத்துவந்த அன்றே, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரைத்தட்டில் ஒரு அதிர்வு தெரிந்தது. லோடு ஏற்றினால் அதிகமானது. வீல் பேலன்சிங் என்று மூன்று முறை செய்து மூன்று முறையும் பில் போட்டார்கள்.

இந்த முறை காத்திருக்காமல் நானே சோதித்தேன். காலியான சாலையில் அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பார்த்தேன்; அதிர்வு மாறவில்லை. எஞ்சின் வேகம் மாறியும் அதிர்வு மாறாததால், எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை என்று தெரிந்தது. அடுத்து, அது சக்கரமா, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டா? அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு எட்டுச் சுற்றுதான் சுற்றும். அதன் கோளாறு ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது நொடிக்கு முப்பது முறை சுற்றுகிறது. அதனால் அதன் அதிர்வு ஆட்டமாக இல்லாமல், வண்டு முரல்வது போல உள்ளங்காலில் ஏறும். எனக்கு ஏறியது உள்ளங்காலில்தான்.

கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; அதற்கு ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். இரண்டு துண்டாக உள்ள ஷாஃப்டைத் திரும்ப மாட்டும்போது, முனைகளிலுள்ள கவைகள் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். இல்லாவிட்டால், ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் கிராஸ் ஜாயின்ட்டுகளில் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டாது. கழற்றுவதற்கு முன் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். அதை யாரும் போடவில்லை. ஷாஃப்டின் கவை வரிசையைப் பார்க்க வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். பார்த்தார்கள், ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. அரை மணி நேரத்தில் சரியானது. அதற்குள், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் கெட்டிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மறுபடி காசு கேட்டபோது நான் தர மறுத்தேன். இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டீலரிடம் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் அதே பிரிவு விளக்குகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சென்டர் பேரிங் விஷயத்தில் 1915இல் பதிவு செய்த புகார் எண்ணை அட்வைசரிடம் காட்டிய பிறகுதான் பேச்சின் தொனி மாறியது.

மற்றபடி வண்டி நன்றாக உழைக்கிறது. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் இதுவரை குறையில்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் (பிளேட் செட்) யூ போல்ட்டுகளை மட்டும் ஒவ்வொரு சர்வீஸிலும் இறுக்கச் சொல்கிறேன். லோடோடு லிட்டருக்கு பதின்மூன்று கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுக்கிறது.

வீல் பேலன்சிங்குக்காக மூன்று முறை வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதாக டீலர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாண்டு வாரண்டி 2025 ஆகஸ்டில் முடிகிறது. அதற்கு முன், ஜூலையில் வண்டியை ஒரு நாள் முழுவதும் விட்டு, டர்போ குழாய்கள், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, சென்சார் குழாய்க் கிளிப்புகள் ஆகிய மூன்றையும் பார்த்து எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். அந்தத் தேதியை ஜாப் கார்டிலேயே குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.