கச்சேரி வீடியோ: 5எக்ஸா, 2எக்ஸா?

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் போன்ற திறந்தவெளியில் சினிமா பாட்டுக் கச்சேரி நடந்தால், நடு வரிசைகளில் இருக்கும் பலருடைய விரலும் நேராக போன் கேமராவின் 5எக்ஸ், அதாவது ஐந்து மடங்கு ஜூம், பட்டனுக்குத்தான் போகிறது. பாடுபவரின் முகம் பெரிதாக வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு வீடியோவுக்கு நான் 2எக்ஸைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

5எக்ஸில் முகம் கிடைக்கும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவை மாற்றுவது வெளிச்சம்.

லென்ஸின் திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். சாம்சங் எஸ்24 அல்ட்ராவில் முதன்மை லென்ஸ் எஃப் 1.7, 5எக்ஸ் லென்ஸ் எஃப் 3.4. எண் இரண்டு மடங்கானால், படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஐபோன் 16 ப்ரோவில் எஃப் 1.78-க்கு எஃப் 2.8, அதாவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு வித்தியாசம். 5எக்ஸ் லென்ஸின் பின்னால் இருக்கும் சென்சாரும் சிறியது. மேடையில் நீல விளக்கு மட்டும் எரியும் மெதுவான பாட்டில், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வருவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் 5எக்ஸ் லென்ஸை விட்டுவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். திரையில் 5எக்ஸ் என்றுதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் 5எக்ஸ் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். படம் மறையவில்லை என்றால் அந்த லென்ஸ் வேலையே செய்யவில்லை. விளக்கு ஏறி இறங்கும்போது பாட்டின் நடுவிலேயே லென்ஸ் மாறினால் நிறமும் சட்டகமும் ஒரு குதி குதிக்கும். ஐபோனில் வீடியோ அமைப்புகளுக்குள் 'லாக் கேமரா' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பதிவின் நடுவில் லென்ஸ் மாறாது.

சரி, 2எக்ஸும் முதன்மை லென்ஸின் படத்தை வெட்டுவதுதானே? வெட்டுவதுதான். ஆனால் ஐபோன் 16 ப்ரோவின் 48 மெகாபிக்சல் முதன்மை சென்சாரின் நடுப்பகுதியில் மட்டும் 12 மெகாபிக்சல் இருக்கிறது. 4கே வீடியோவுக்கு சுமார் 8 மெகாபிக்சல் போதும். அதனால் ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. 2எக்ஸ் சட்டகத்தில் பாடகரோடு பக்கத்து எல்இடி திரையும் சேர்ந்து விழும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாம் ஆசைப்பட்ட அந்த முகத்தை அமைப்பாளர்களின் கேமராக்காரர் ஏற்கெனவே அந்தத் திரையில் பெரிதாகக் காட்டிக்கொண்டிருப்பார்.

எதில் எடுத்தாலும் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேம் வைத்தால் பல விளக்குகளின் மினுக்கல் குறையும். எல்இடி திரையில் ஓடும் கோடுகளுக்கு அது எப்போதும் உதவும் என்று சொல்ல முடியாது. அப்புறம், இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் சமன் செய்கிறார். ஸ்பீக்கர் கோபுரத்துக்கு அருகில் நின்றால் எந்த லென்ஸில் எடுத்தாலும் பாட்டு கரகரவென்றுதான் பதிவாகும்.

புகைப்படம் என்றால் என் விருப்பம் மாறும். மேடை முழுக்க வெள்ளை விளக்கு எரிந்து, பாடகர் ஓரிடத்தில் நின்று பேசும் நேரத்தில் 5எக்ஸ் தரும் முகபாவம் 2எக்ஸில் வராது. பாட்டுக்கு இடையிலான அந்த நிமிடங்களை அதற்கென்றே வைத்துக்கொள்கிறேன்.

விவோ எக்ஸ்200 ப்ரோ போன்ற போன்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் 3.7எக்ஸ் லென்ஸ் எஃப் 2.67, பின்னால் 200 மெகாபிக்சலில் பெரிய சென்சார். நண்பரின் போனில் ஒரே ஒரு பாட்டுதான் எடுத்துப் பார்த்தேன், அதுவும் நல்ல வெளிச்சத்தில். இருட்டிலும் அப்படியே வருமானால் நானே ஜூம் பக்கம் சாய்ந்துவிடுவேன்.