சன்ஷேடா, சன் ஃபிலிமா, பாடி கவரா: வெயிலில் நிற்கும் காருக்கு எது?

திருச்சியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. ராத்திரி தெருவில் நிற்கும், பகலில் அலுவலகத்து வெட்டவெளியில் நிற்கும். அங்கே இருக்கும் ஒரே வேப்பமரத்தடியைக் காலை எட்டரைக்கே பைக்குகள் பிடித்துவிடும். அதனால் போன வருடம் அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு மாதம் முன்பே காரை வெயிலுக்குத் தயார் செய்ய இறங்கினேன். கூலன்ட், பேட்டரி, டயர் காற்று, ஏசி ஃபில்டர் எல்லாம் ஒரே சர்வீஸில் முடிந்தன. அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் காரின் உள்ளே சூடு ஏறாமல் எப்படித் தடுப்பது என்பதில்தான் இரண்டு வாரம் போனது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: முழுக் காரையும் மூடும் பாடி கவர், கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம், முன் கண்ணாடிக்கு உள்ளே விரித்து வைக்கும் வெள்ளி நிற சன்ஷேட். நான் வாங்கியது சன்ஷேட். விலை 350 ரூபாய். ஃபிலிமுக்குக் கடையில் 11,000 ரூபாய் சொன்னார்கள். ஆனால் விலையைப் பார்த்து நான் முடிவு செய்யவில்லை.

பாடி கவரை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய காருக்கு இரண்டு வருடம் கவர் போட்டவன் நான். வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் கவர் போட வேண்டும். துடைக்காமல் போட்டால் தூசி துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், காற்றில் துணி ஆட ஆட மெல்லிய கீறல் விழும். திருச்சியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காரின் பானெட்டில் வெயில் படும்போது சிலந்தி வலை போலக் கோடுகள் தெரியும். தினமும் ஓட்டுகிற காருக்குக் கவர் வேண்டாம். வாரக்கணக்கில் வீட்டிலேயே நிற்கும் காருக்கு அது நல்லதுதான்.

மிச்சம் ஃபிலிமும் சன்ஷேடும். இங்கே சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெயில் கண்ணாடியைத் தாண்டி ஒளியாக உள்ளே வருகிறது. கறுப்பு டேஷ்போர்டு அதை விழுங்கி வெப்பமாக வெளியே விடுகிறது. அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பீ நகரில், வெயில் 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், இருக்கை 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48தான். அதாவது டேஷ்போர்டுதான் அடுப்பு, மற்றதெல்லாம் அதன் சூட்டில் வேகிறது. நம் ஊரிலும் மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம் என்பதால் இந்த எண்கள் நமக்கு அந்நியமானவை இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: வெயிலில் நிற்கும் காருக்குள் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆபத்தான அளவை எட்டிவிடும், நிழலில் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்குள். 'கடைக்குப் போயிட்டு உடனே வந்துடறேன்' என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். ஃபிலிம், ஷேட் எது இருந்தாலும் சரி.

டேஷ்போர்டுதான் அடுப்பு என்றால், தடுக்க வேண்டிய கண்ணாடி முன் கண்ணாடி. ஃபிலிமுக்குச் சிக்கல் வருவதும் அங்கேதான்.

மத்திய மோட்டார் வாகன விதி 100 என்ன சொல்கிறது? முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமை மொத்தமாகவே தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் தரநிலைக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடி வகையில் சேர்ந்தது. இந்த ஒளி அளவை மீறாத ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இதைக் காட்டித்தான் கடையில் '70 பர்சென்ட் ஃபிலிம், லீகல் சார்' என்றார்கள்.

ஆனால் 70 என்பது ஃபிலிமின் கணக்கு. விதி கேட்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த கணக்கு. மீட்டர் வைத்து அளக்கச் சொன்னேன். என் முன் கண்ணாடி கம்பெனியிலிருந்து வந்தபடியே 76 சதவீதம்தான் காட்டியது. அதன்மேல் 70 ஃபிலிம் ஒட்டினால் 76இல் 70 சதவீதம், அதாவது 53. விதியை நெருங்கக்கூட இல்லை. இருப்பதிலேயே தெளிவான 90 ஃபிலிம் ஒட்டினாலும் 68தான் வருகிறது. பக்கக் கண்ணாடி 74 காட்டியது. அங்கே 70 ஃபிலிம் ஒட்டினால் 52, மயிரிழையில் தப்பும். ஆக, என் காரில் சட்டப்படி ஃபிலிம் ஒட்ட முடிகிற இடம் பக்கவாட்டுதான். அடுப்போ முன்னால் இருக்கிறது. 11,000 ரூபாயை எடுத்து வைத்திருந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஃபிலிம் ஒட்டுகிற எண்ணம் உள்ளவர்கள் ஒட்டும் முன் வெறும் கண்ணாடியை அளந்து, இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஃபிலிம் அட்டையில் உள்ள எண்ணை மட்டும் நம்பி ஒட்டிவிட்டு, சாலையோரம் நின்று உரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சன்ஷேடுக்கு இந்தக் கவலையே இல்லை. ஓட்டும்போது அது கண்ணாடியில் இருக்காது. ஒளி டேஷ்போர்டைத் தொட்டு வெப்பமாக மாறும் முன்பே அதை ஒளியாகவே வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் வெள்ளிப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும், கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்: மாலை ஐந்து மணிக்குக் காருக்குள் புழுக்கம் இப்போதும் உண்டு, ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் துணி தேடுவதில்லை. நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைத்து, கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்புறம் ஏசி போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் குளிர்கிறது.

தினமும் விரித்து மடக்க வேண்டுமே என்பதுதான் ஷேடின் குறை. அதனால் வகை முக்கியம். வட்டமாகச் சுருட்டும் வகையை மடக்குவது ஒரு வித்தை. என் மனைவி மூன்றாம் நாளே அதைப் பின் சீட்டில் போட்டுவிட்டார். குடை மாதிரி விரிகிற வகை பத்து விநாடி வேலை, ஆனால் அதன் காம்பு டேஷ்போர்டுத் திரையில் இடிக்கும். காம்பு நுனியில் ஒரு துணி உறை போட்டிருக்கிறோம். விசிறி மடிப்பு வகை எதிலும் இடிக்காது, சன் வைசரை இறக்கி அணைத்துவிட்டால் போதும். இன்னொரு தடவை வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

ஃபிலிம் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிற்கும் காரைப் பற்றித்தான் நான் இவ்வளவும் பேசினேன். நான் காலையிலும் மாலையிலும்தான் ஓட்டுகிறேன். பகல் முழுக்கச் சாலையில் இருப்பவர்களுக்கு, வலது கை ஜன்னலோரம் எரிவதற்கு ஷேட் ஒன்றும் செய்யாது. முன் கண்ணாடியின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் அடுக்கே புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்; பக்கக் கண்ணாடியில் பொதுவாக அந்த அடுக்கு இல்லை. அங்கே அளந்து ஒட்டிய நல்ல செராமிக் ஃபிலிம் (வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் துகள் கலந்த வகை) உதவும் என்றே நினைக்கிறேன், ஆனால் அதோடு ஒரு கோடையைக் கழித்துப் பார்த்தவன் இல்லை. என் ஷேடுக்கும் இது இரண்டாவது கோடைதான். ஓரத்தில் வெள்ளிப்பூச்சு இப்போதே கொஞ்சம் உரிந்திருக்கிறது.