எண்ணூர் ரோட்டு நெரிசலில் பீட்டில்: எந்த ஃபேன் தாங்கும்?

வட சென்னையில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களிடம் கத்திரி வெயில் வந்தால் போதும், "இன்ஜினை ஆற வைக்கிற அந்த ஃபேனைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுங்கண்ணே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் சின்ன புல்லி போடச் சொல்வார். கொஞ்சம் காசு பார்த்தவராக இருந்தால் போர்ஷே 911 பாணியில் நிமிர்ந்து நிற்கும் ஃபேன் கிட் வரவழைக்கச் சொல்வார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஏறி, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துபோய், பிறகு ரோடு காலியானதும் எழுபது எண்பதில் ஓடும் வண்டிக்கு, 1971 மாடலில் கம்பெனியே கொண்டுவந்த டாக்ஹவுஸ் அமைப்புதான், அதாவது ஆயில் கூலருக்குத் தனிக் கூடு கட்டிய அமைப்புதான் சரி. மற்றவற்றை ஏன் கழித்தேன் என்பதைத்தான் இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும்.

பீட்டில் இன்ஜின் பின்னால் இருப்பதால் எதிர்க்காற்று அதன்மேல் நேராகப் படாது. திருவொற்றியூரில் செய்த புல்லட்டும் ஏர்கூல்டுதான், ஆனால் அதன் சிலிண்டர் முன்னால் காற்றில் நிற்கிறது, ஓடினால் ஆறிவிடும். பீட்டிலுக்கு அந்த வசதி இல்லை. பெல்ட்டில் சுற்றும் டைனமோவின் மறுமுனையில் மாட்டியிருக்கும் ஃபேன் இழுத்துத் தள்ளும் காற்றை மட்டுமே நம்பி நான்கு சிலிண்டரும் ஆயில் கூலரும் இருக்கின்றன. அந்த பெல்ட்டைச் சுற்றும் கிராங்க், அதாவது இன்ஜினின் சுழல்தண்டு, ஒரு சுற்று சுற்றினால் ஃபேன் ஏறக்குறைய 1.8 சுற்று சுற்றும், அதாவது இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஃபேன் 7000-ஐத் தாண்டி, நொடிக்கு 500 லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று வெறுமனே வீசிவிட்டுப் போவதில்லை, ஷ்ரவுட் என்று சொல்லும் தகரக் கூட்டுக்குள் அழுத்தமாகச் சேர்ந்து, சிலிண்டர் துடுப்புகளின் இடுக்கில் புகுந்து வெளியேற வேண்டும். ஃபேன் கவர் இல்லாமல் ஆட்டோ இன்ஜினை ஓட்டினால் என்ன ஆகும் என்று வியாசர்பாடியில் எந்த ஆட்டோ மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார், இங்கேயும் அதே கதைதான்.

இப்போது எலக்ட்ரிக் ஃபேனுக்கு வருவோம். அதன் பக்கம் ஒரு உண்மையான நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். இன்ஜின் ஐட்லிங்கில் இருந்தாலும் அது முழு வேகத்தில் சுற்றும், வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடலாம். துறைமுகம் போகும் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரியும். ஆனால் ஐட்லிங்கில் இன்ஜின் எரிக்கும் பெட்ரோலே குறைவு, அதனால் வெளிவரும் சூடும் குறைவு. அந்தச் சூட்டுக்கு ஒரிஜினல் ஃபேன் மெதுவாகச் சுற்றித் தரும் காற்று போதும், தகரமெல்லாம் சரியாக இருந்தால். சிக்கல் வருவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது. அந்த வேகத்தில் ஒரிஜினல் ஃபேன் சில குதிரைத்திறனை விழுங்கித்தான் அவ்வளவு காற்றையும் தள்ளுகிறது. 12 வோல்ட் டைனமோ தருவதோ 30 ஆம்பியர், அதாவது சுமார் 360 வாட், அரைக் குதிரைத்திறன்கூட முழுதாக வராது. அதில் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போக மிச்சத்தில் எந்த மோட்டாரை ஓட்ட முடியும்? ஆல்டர்னேட்டர் போட்டாலும் ஒரு குதிரைத்திறன் அளவுதான். 6 வோல்ட் வண்டி என்றால் பேச்சே வேண்டாம். டப்பாவில் அச்சிட்டிருக்கும் காற்றளவைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது எதிரே தடையே இல்லாமல் அளந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் நிற்பதற்கென்று செய்த ஃபேனை ஷ்ரவுட்டின் வாயில் வைத்தால், எதிர் அழுத்தத்தில் அந்த அளவு வெகுவாக விழுந்துவிடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. ஒரிஜினல் அமைப்பில் பெல்ட் அறுந்தால் டைனமோவும் நிற்கும், ஃபேனும் நிற்கும், அதே கணத்தில் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். எரிந்தவுடன் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தால் சிலிண்டர் ஹெட் பிழைக்கும். எலக்ட்ரிக் ஃபேனில் ஒரு ஃபியூஸ் போனாலோ, கடல் காற்றில் ஒரு கனெக்டர் பச்சை பூத்தாலோ, அந்த லைட் எரியாது. காசிமேடு, ராயபுரம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று வயரிங்கை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏர்கூல்டு இன்ஜினில் டெம்பரேச்சர் முள்ளும் கிடையாது, தெரியவரும்போது பிஸ்டன் சீஸ் ஆகியிருக்கும்.

சின்ன புல்லி, பவர் புல்லி என்று விற்பது, நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். கிராங்க் புல்லியைச் சிறிதாக்கி ஃபேனை மெதுவாகச் சுற்றவைப்பதுதான் அதன் வேலை. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும், ஃபேன் விழுங்கும் சக்தியோ ஏறக்குறைய பாதியாகும். அந்த மிச்சம்தான் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு லாபம், அவர்களுக்கு ஓட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். நமக்கு ஐட்லிங்கில் டைனமோ சார்ஜும் படுத்துவிடும், ராத்திரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் நின்றால் சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

911 பாணி ஃபேன் பார்க்க அவ்வளவு அழகு, அதை நானும் ரசிப்பேன். ஒரிஜினல் ஃபேன் அணில் கூண்டு மாதிரியான உருளை, மையத்தில் காற்றை இழுத்து விளிம்பில் அழுத்தித் தள்ளும். 911 ஃபேனோ காற்றை நேராகத் தள்ளும் இறக்கை வகை. போர்ஷேயில் அது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த இன்ஜினுக்கென்றே அளந்து செய்த கூடு அங்கே இருக்கிறது. பீட்டிலுக்கு விற்கும் ஃபைபர் கூடுகள் எல்லாம் அப்படி இல்லை. உள்ளே காற்றைப் பங்கிடும் தடுப்புகள் சரியாக இல்லாவிட்டால் ஒரு பக்கச் சிலிண்டர் குளிர்ந்தும் இன்னொன்று கொதித்தும் ஓடும். பெரிய பிஸ்டன், இரட்டை கார்புரேட்டர் என்று இன்ஜினையே வளர்த்தவர், நல்ல கிட்டுக்குச் செலவழித்து, ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் அளந்து சரிசெய்யத் தயாராக இருந்தால் செய்யட்டும். 1200, 1300 இன்ஜினில் வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணத்தில் இன்ஜினையே ஒரு தடவை முழுசாகப் பிரித்துக் கட்டிவிடலாம்.

இறக்கைகளை வெல்டிங் செய்து பேலன்ஸ் பண்ணிய ஃபேன் பற்றி இரண்டு வரி போதும். 5000 ஆர்பிஎம்முக்கு மேல் ரேஸ் பண்ணுகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. மற்றவர்கள் பழைய ஃபேனில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பட்டறையில் வெல்டு வைத்துவிட்டு பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் டைனமோ பேரிங் சீக்கிரம் போகும்.

சரி, டாக்ஹவுஸ். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஷ்ரவுட்டுக்குள்ளேயே, இடது பக்கம் 3-ஆம் சிலிண்டரின் தலைமேல் நிற்கும். கூலரைத் தாண்டிச் சூடாகி வரும் காற்றுதான் அந்தச் சிலிண்டருக்கு. 3-ஆம் சிலிண்டர் எப்போதும் அதிகம் காய்வதற்கு இதுதான் காரணம். டாக்ஹவுஸில் கூலரை முன்னால் தள்ளி, அதற்கென்று தனிக் கூடு கட்டி, அதிலிருந்து வரும் சூடான காற்றை வேறு வழியாக வெளியேற்றிவிட்டார்கள், ஃபேனையும் அகலமாக்கினார்கள். 3-ஆம் சிலிண்டருக்கும் சூடேறாத காற்று கிடைக்கிறது. நெரிசலிலும் சரி, எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் சரி, பலன் தருவது இது ஒன்றுதான்.

பழைய இன்ஜினில் இதை மாற்றும்போது ஷ்ரவுட்டையும் ஃபேனையும் மட்டும் வாங்கிவந்தால் வேலை ஆகாது. தள்ளி நிற்கும் கூலர், அதைத் தாங்கும் அடாப்டர், கூலரின் சூடான காற்று வெளியேறும் தகரக் குழாய், அதற்கு ஓட்டை உள்ள முன் தகரம், எல்லாம் வேண்டும். அந்தத் தகரக் குழாயை விட்டுவிட்டால் பாதிப் பலன் போச்சு. பழைய இன்ஜின் கேஸில் ஆயில் துவாரம் 8 மில்லிமீட்டர், பின்னால் வந்ததில் 10, இரண்டையும் சேர்க்கத் தனியாகப் படி வைத்த சீல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குரோம் பூசிப் பளபளக்கும் ஷ்ரவுட்டை மட்டும் தவிருங்கள், பலவற்றின் உள்ளே தடுப்புத் தகடுகளே இருக்காது. மாட்டும்போது ஃபேனுக்கும் பின்தட்டுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு ஷிம், அதாவது மெல்லிய வளையத் தகடு, வையுங்கள்.

டாக்ஹவுஸுக்கே காசு இல்லையென்றால், இருக்கும் ஃபேனை வைத்துக்கொண்டு தகர வேலையை முதலில் முடியுங்கள். இன்ஜினைச் சுற்றி ஓடும் ரப்பர், பிளக் வயர் நுழையும் ரப்பர் மூடி, சிலிண்டருக்கு அடியில் காற்றை வளைத்துவிடும் சின்னத் தகடுகள், இவை இல்லாத வண்டிகள்தான் நம் பக்கம் அதிகம். அடியில் இருந்து எழும் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும்போது எந்த ஃபேன் போட்டு என்ன பயன்? சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று ஹீட்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஷ்ரவுட்டில் அதற்குக் காற்று போகும் இரண்டு வாயையும் திறந்தபடி விட்டிருப்பார்கள். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதில் வீணாகிறது, தகர மூடி போட்டு அடைத்துவிடுங்கள், டிங்கரிடம் சின்ன வேலை. இன்ஜின் சூட்டைப் பொறுத்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை இந்த ஊரில் கழற்றினாலும் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அது இயக்கும் மடல்களை ஷ்ரவுட்டுக்குள்ளேயே திறந்த நிலையில் விட்டுவிடுங்கள். அவைதான் காற்றைத் திருப்பிவிடுகின்றன.

எலக்ட்ரிக் ஃபேன் வாங்கி வைத்துவிட்டவர்களுக்கும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. வெளியே கூடுதலாக ஒரு ஆயில் கூலர் மாட்டி, அதன்மேல் அந்த ஃபேனை, சூடேறினால் தானே ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்ச்சோடு வையுங்கள். பீட்டிலில் ஆயிலே மொத்தம் இரண்டரை லிட்டர்தான், கூலரும் குழாயும் சேர்ந்தால் ஆயிலின் அளவும் கூடும், சிறிய ஃபேன் என்பதால் 12 வோல்ட் டைனமோவும் தாங்கும், அது நின்றுபோனாலும் பெல்ட்டில் சுற்றும் ஒரிஜினல் ஃபேன் இன்ஜினைக் காப்பாற்றும். மணலி, எண்ணூர் பக்கம் ஓட்டுகிறவர்கள் அந்தக் கூலரின் துடுப்பில் படியும் கரித்தூளை ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் ஏர் அடித்து எடுத்துவிடுங்கள்.